எட்ச் கிட் கட்டக் கைக்கருவிகள்: எதில் காசு போடலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

மாடல் ரயிலில் எட்ச் கிட், அதாவது கரைசலால் அரித்து வடிவம் வெட்டிய உலோகத் தகட்டைக் கொண்டு வண்டி கட்டும் பெட்டி, தனி ரகம். பெட்டியைத் திறந்தால் தட்டையான பித்தளைத் தகடோ நிக்கல் சில்வர் தகடோ ஒன்றிரண்டு இருக்கும், ஒரு பொட்டலம் வார்ப்பு உறுப்புகள் இருக்கும், சில பக்கக் குறிப்பு இருக்கும். அவ்வளவுதான். வெட்டி, ராவி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் அது வண்டியாகும். பிரிட்டனில் இந்த வகைக்குப் பெரிய வழக்கம் உண்டு. அங்கே அதிகம் புழங்குவது அசல் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவு, அதாவது சுமார் 1:76. இந்த மதிப்பீடு அந்த அளவை வைத்தே எழுதியது. 7 மி.மீ. அளவில் எது மாறும் என்பது அங்கங்கே வரும்.

கருவி வாங்குபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது சால்டரிங் அயர்னைப் பற்றி. அது இரண்டாம் கேள்வி. ஈயம் தப்பாக ஓடினால் மறுபடி சூடு காட்டிப் பிரித்துவிடலாம். தப்பாக வெட்டிய விளிம்பையும், விரிந்துபோன துளையையும், இரண்டு முறை மடித்த மடிப்பையும் எந்தச் சூடும் திருப்பித் தராது. அதனால் காசு முதலில் போக வேண்டியது வெட்டும் கருவிக்கும் அரத்துக்கும் துளை விரிக்கும் ப்ரோச்சுக்கும்தான்.

தகடு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் கருவித் தேர்வு பாதி முடிந்த மாதிரி. தகட்டின் இரு பக்கமும் படத்தைப் பதித்து, ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலைப் பீய்ச்சுவார்கள். கரைசல் இரு பக்கமிருந்தும் அரித்துக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கும். சந்தித்த இடத்தில், விளிம்பின் கனத்துக்கு நடுவே, வயல் வரப்பு மாதிரி ஒரு மெல்லிய முகடு நின்றுவிடும். நகத்தை ஓட்டினாலே தெரியும். இந்த வரப்பை எடுக்காமல் இரண்டு விளிம்பைச் சேர்த்தால் மூலையில் இடைவெளி விழும், அதை ஈயம் அடைத்துக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அரித்த இடம் பாதி ஆழப் பள்ளமாக இருக்கும். மடிப்புக் கோடும், பின்பக்கம் தெரியும் ரிவெட் புள்ளியும் அப்படி வந்தவைதான். உறுப்புகள் எல்லாம் சுற்றுச் சட்டத்தில் சின்னச் சின்னக் காம்புகளால் தொங்கிக்கொண்டிருக்கும்.

வண்டியின் உடலுக்கு 0.25 முதல் 0.38 மி.மீ., சேஸிஸுக்கு 0.38 முதல் 0.45 மி.மீ. கனம் வழக்கம். 7 மி.மீ. அளவில் அதைவிடக் கொஞ்சம் கூடும்.

காம்பை வெட்டப் பலரும் கையில் எடுப்பது ஷெஃபீல்டின் ஸ்வான்-மார்ட்டன் ஸ்கால்பெல். கைப்பிடி எண் 3, பிளேடு எண் 11 என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அந்த ஊசிமுனைப் பிளேடு பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் அருமையான பொருள், உலோகக் காம்புக்கு ஆகாது. குத்தி அழுத்தினால் முனை ஒடிந்து எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. எண் 4 கைப்பிடியும் அதில் பொருந்தும் எண் 22 பிளேடும் வாங்குங்கள். வயிறு வளைந்த அகலப் பிளேடு அது. வளைவைக் காம்பின் மேல் வைத்து அரிவாள்மணை மாதிரி உருட்டி அழுத்தினால் காம்பு சுத்தமாக அறும். பிளேடும் விலை குறைவு, மழுங்கினால் மாற்றிவிடலாம்.

பிளேடை விடக் கீழே எதை வைக்கிறோம் என்பது முக்கியம். பச்சை நிற கட்டிங் மேட் இங்கே எதிரி. மேல் அழுத்தம் விழுந்ததும் மேட் குழிந்துகொடுக்கும், காம்பு அறுவதற்குள் உறுப்பின் விளிம்பு அந்தக் குழிக்குள் வளைந்துவிடும். 0.25 மி.மீ. பித்தளையில் இந்த வளைவைப் பிறகு நிமிர்த்த முடியாது. நிமிர்த்தினாலும் பெயின்ட் அடித்ததும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். எம்.டி.எஃப். பலகைத் துண்டோ, மேசைக்கு ஒட்டும் லேமினேட் ஷீட்டின் மிச்சமோ போதும். காசே ஆகாத இந்தத் துண்டு பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

கத்தரி வகையில் அமெரிக்கத் தயாரிப்பான ஸுரோன் 9180ஈடி, எட்ச் தகட்டுக்கென்றே செய்தது. வாய் சிறிது, முனை மெலிது, நெருக்கமான இடத்திலும் நுழையும். மெல்லிய தகட்டில் கத்தியை விட இது நிம்மதி, ஏனென்றால் கீழ்நோக்கிய அழுத்தமே இல்லை. இரண்டு எச்சரிக்கை. முதலாவது, உறுப்பை ஒட்டி வெட்டாமல் அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை ராவ வேண்டும். ஒட்டி வெட்டினால் வாயின் ஆப்பு வடிவம் விளிம்பைச் சற்றே பிதுக்கும். இரண்டாவது, பியானோ கம்பியையோ குண்டூசியையோ அதில் கொடுத்தால் அன்றே வாயில் பல் விழும். அதே கம்பெனியின் 2175பி தண்டவாளம் வெட்டுவதற்கானது. அதை வாங்கிவிட்டு எட்ச்சுக்கும் ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆகாது.

கனமான சேஸிஸ் தகட்டுக்குக் கத்தரி தடுமாறும். அங்கே நகைப் பட்டறை ரம்பம்தான். கம்பி மாதிரி மெல்லிய பிளேடை வில்லில் பூட்டி அறுப்பது. வில் எதுவானாலும் பரவாயில்லை, காசைப் பிளேடில் போடுங்கள். தகட்டின் கனத்துக்குள் குறைந்தது இரண்டு பல்லாவது நிற்க வேண்டும் என்பது பொது விதி. 0.38 மி.மீ. தகட்டில் அதை நிறைவேற்றவே முடியாது: 6/0 பிளேடில் அங்குலத்துக்கு 76 பல் என்று வைத்தால் பல்லுக்குப் பல் 0.33 மி.மீ. வருகிறது. ஆகவே கிடைப்பதில் நுண்ணிய 6/0 அல்லது 8/0 எடுத்து, வில்லைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்து அறுக்க வேண்டும். சாய்த்தால் ஒரே நேரத்தில் அதிகப் பல் தகட்டில் படும். பல் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்க்கும்படி பூட்ட வேண்டும், கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். பிளேடை விரலால் மீட்டினால் கணீரென்று ஒலிக்கும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். ஒரு டஜன் பிளேடு ஒடிந்த பிறகே கை பழகும் என்பதால் டஜனாகவே வாங்கிவிடுவது நல்லது.

இங்கே ஒரு சங்கதி. ரம்பம், நுண் அரம், சாமணம், குறடு எல்லாமே பொற்கொல்லர் பட்டறைச் சாமான்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் பொழுதுபோக்குக் கடைக்குப் போவதற்குப் பதில் லண்டன் ஹாட்டன் கார்டனிலோ பர்மிங்ஹாம் நகைப் பகுதியிலோ பொருள் கொடுக்கும் நகைக் கருவிக் கடைகளைப் பார்க்கலாம். தேர்வும் அதிகம், தரமும் மேல். நம் ஊரில் இருந்து கொண்டு இந்தக் கிட்டுகளைத் தருவித்துக் கட்டுபவர்களுக்கும் இதே வழிதான். ஹாபி கடையைத் தேடி அலைவதை விட, பக்கத்து ஊரில் நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடை எது என்று ஓர் ஆசாரியிடம் கேட்டால் போதும்.

அரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் வல்லோர்ப் அரங்கள் இந்த வேலைக்கு அளவுகோல் மாதிரி. சுவிஸ் கணக்கில் 00 கரடு, எண் ஏற ஏற நுணுக்கம். வரப்பை எடுக்க எண் 2, முடிப்புக்கு எண் 4. பன்னிரண்டு அரம் அடங்கிய செட் வேண்டியதில்லை. தட்டை, அரைவட்டம், முக்கோணம், எலிவால் எனும் உருண்டை: இந்த நாலு ஊசி அரத்தோடு, ஆறங்குலத் தட்டை அரம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீள விளிம்பை ஊசி அரத்தால் ராவினால் விளிம்பு அலை அலையாகப் போகும், கண்ணுக்குத் தெரியாது, பக்கத்துத் தகட்டோடு சேர்க்கும்போதுதான் தெரியும். அகல அரத்தில் மூன்று நான்கு இழுப்பில் நேர்க்கோடாகிவிடும். ஒரு விளிம்பில் பல் இல்லாத ரகமாகப் பார்த்து வாங்கினால் உள்மூலையை ராவும்போது பக்கச் சுவரில் கீறாது.

மலிவு வைர அரம் செட்டுகள் ஆசை காட்டும். அவற்றுக்கும் வேலை உண்டு, எஃகுக் கம்பி முனையை மட்டமாக்க. பித்தளையிலும் நிக்கல் சில்வரிலும் அவை வெட்டுவதை விடத் தேய்க்கின்றன. வரப்பு போவதற்குள் விளிம்பு உருண்டுவிடும்.

புது அரம் முதலில் பித்தளைக்கு. கூர் கொஞ்சம் குறைந்த பிறகு எஃகுக்கு. வரிசை மாறினால் பித்தளையில் வழுக்கும். ஈயம் ராவ மட்டும் ஒரு பழைய அரத்தைத் தனியே வைத்து, கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். ஈயம் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டால் நல்ல அரம் அதோடு போச்சு. புது அரத்தில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் துகள் ஒட்டாது. ஒட்டிய துகளைப் பித்தளைத் துண்டின் விளிம்பால் பல் வரிசையோடு தள்ளி எடுக்கலாம்.

இனி, அதிகம் கெடுக்கப்படும் இடம்: துளைகள். எட்ச் துளை எப்போதும் சற்றுச் சிறிதாகவே வரும், உள்ளே வரப்பும் இருக்கும். அச்சுக் குழலோ கம்பியோ நுழைய அதை விரிக்க வேண்டும். இதற்கு ட்ரில் பிட் எடுப்பதுதான் முதல் தவறு. மெல்லிய தகட்டில் ட்ரில்லின் சுருள் தகட்டைக் கவ்வி மேலே தூக்கும், துளை வட்டமாக இல்லாமல் முக்கோணச் சாயலில் கிழியும். வேண்டியது ஐந்து முகக் கூம்பு ப்ரோச். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் பயன்படுத்துவது. 0.6 முதல் 2 மி.மீ. வரை ஒரு செட் போதும். என்ஜின் அச்சுக் குழல் மாதிரிப் பெரிய துளைக்குத் தனியாக ஒரு கூம்பு ரீமர்.

செய்முறை இது. ப்ரோச்சைத் தகட்டுக்குச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் மூன்று சுற்று. தகட்டைத் திருப்பி மறுபக்கமிருந்து மூன்று சுற்று. ப்ரோச் கூம்பு என்பதால் ஒரே பக்கம் சுற்றினால் துளையும் கூம்பாகும். குழல் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடும். ஒவ்வொரு ஆறு சுற்றுக்கும் குழலை நுழைத்துப் பாருங்கள். வேகன் அச்சின் தொப்பி வடிவக் குழலுக்கு வெளிவிட்டம் 2 மி.மீ. என்றால், குழல் விரலால் தள்ளினால் நுழைந்து, தகட்டைக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும் நிலைதான் சரி. அதற்கு ஒரு சுற்று மேலே போனாலும் குழல் தளர்ந்து, ஈயம் வைக்கும்போது ஓரமாக நகர்ந்துவிடும்.

என்ஜினின் சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புத் தண்டில் இதைவிடக் கவனம் வேண்டும். ப்ரோச் ஒரு பக்கம் சாய்ந்தால் துளையின் மையமும் அந்தப் பக்கம் நகரும். அச்சுக்கு அச்சு தூரமும் தண்டின் துளைக்குத் துளை தூரமும் 0.1 மி.மீ. வேறுபட்டாலே சக்கரம் ஒரு சுற்றில் ஒரு இடத்தில் திக்கும். திக்கும் இடத்தைத் தளர்த்த மறுபடி துளையை விரிப்பார்கள், பிறகு தண்டு கடகடக்கும். முதலுக்கே மோசம்.

ட்ரில் வேண்டியது துளையே இல்லாத இடத்தில் புதிதாகத் துளையிட: கைப்பிடிக் கம்பிக்கு 0.45 மி.மீ. பித்தளைக் கம்பி என்றால் 0.5 மி.மீ. ட்ரில். பின் சக் எனப்படும் விரல் பிடிப்பான்களில் எக்லிப்ஸ் பெயர் பெற்றது. தலை தனியாகச் சுழலும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளங்கையால் தாங்கி விரலால் சுற்றலாம். பிட் ஹைஸ்பீட் ஸ்டீலாக இருக்கட்டும். எலக்ட்ரானிக் போர்டு துளைக்கும் கார்பைடு பிட்கள் மலிவாகக் கிடைக்கும்; கை நடுக்கத்தில் ஒரு பாகை சாய்ந்தாலும் படக்கென்று ஒடியும். அவை ஸ்டாண்டில் பூட்டிய எந்திரத்துக்கு.

மடிப்புக் கருவிக்கு வருவோம். கிட் கட்டுபவர்கள் மத்தியில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் ஹோல்ட் அண்ட் ஃபோல்ட். விரல் மாதிரிப் பிரிந்த மேல் தட்டு, சமதள அடித்தட்டு, நடுவில் திருகு. சின்னப் பெட்டி வடிவங்களுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் அது சொன்னதைச் செய்யும், விரல்களுக்கு நடுவே மற்ற மடிப்புகள் இடிக்காமல் நிற்கும். ஆனால் முதல் வேகன் கட்டுபவருக்கு அது தேவையே இல்லை. வேகனின் மடிப்பு எல்லாம் இரண்டு தட்டைக் குறடுக்குள் முடிந்துவிடும். பயணிகள் பெட்டி கட்டுபவருக்கோ சின்ன அளவு போதவே போதாது: 57 அடிப் பெட்டி 4 மி.மீ. அளவில் 228 மி.மீ. நீளம். நாலங்குலக் கருவியில் அதைப் பகுதி பகுதியாக மடித்தால் நடுவில் முடிச்சு விழும்.

நீள மடிப்புக்குச் சொந்தமாகச் செய்துகொள்வதே மேல். 25 × 12 மி.மீ. பிரைட் ஸ்டீல் பட்டை 300 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு, இரு முனையிலும் ஒவ்வொரு 6 மி.மீ. போல்ட். ஆங்கிள் இரும்பு வேண்டாம், அதன் விளிம்பு உருண்டை, மடிப்பும் உருண்டுவிடும். தகட்டை இரண்டு பட்டைக்கு நடுவே, மடிப்புக் கோடு விளிம்போடு விளிம்பாக வரும்படி நிறுத்தி இறுக்குங்கள். பிறகு வெளியே நீட்டிய தகட்டை விரலால் தள்ளக் கூடாது. ஸ்டீல் ஸ்கேலை மடிப்பை ஒட்டி முழு நீளத்துக்கும் வைத்து ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். தூர விளிம்பைத் தள்ளினால் தகடு மடியாமல் வளையும்.

கோடு உள்பக்கம் வர வேண்டும் என்பது பொது விதி. குறிப்பில் மாற்றிச் சொல்லியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால், அது அரிக்கும்போதே நடக்கும் விஷயம், ஓல்ஃபா பி-கட்டரால் நாலைந்து முறை கோட்டிலேயே இழுங்கள். கொக்கி வாய் சுருளாக உலோகத்தைச் சீவி எடுக்கும். வெளிப்பக்கம் மங்கலாக ஒரு கோட்டின் சாயல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். 0.38 மி.மீ. தகட்டில் மடிப்பில் மிஞ்சுவது சுமார் 0.19 மி.மீ. தான், ஒரு முறை மடங்கும், பிரித்து மறுபடி மடித்தால் பிளந்துவிடும். 90 பாகை வந்ததை மூலைமட்டத்தால் பார்த்த உடனேயே உள்மூலை நெடுக ஈயம் ஓட்டிவிட்டால் அதன் பிறகு அசையாது.

குறடில் ஒரே விதிதான்: வாய் வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு வாய் ஒவ்வொரு பிடியிலும் கோலம் போட்டுவிடும். நாட்டிங்ஹாம்ஷயரின் மான் கம்பெனி செய்யும் இணைவாய்க் குறடு விலை கூடுதல்தான், கொடுக்கலாம். சாதாரணக் குறடு V மாதிரித் திறப்பதால் பின்பக்கம் மட்டும் கவ்வும், கவ்விய இடத்தில் தழும்பு பதியும். இணைவாய் முழுப்பரப்பும் சமமாகப் படியும். வாங்கும்போது மழமழப்பு வாய் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு வகையும் விற்கிறார்கள்.

சாமணத்தில் ஊசிமுனைதான் நுணுக்கம் என்று நினைத்து எண் 5 வகையை வாங்குவார்கள். அதில் பிடித்த சின்ன உறுப்பு புளியங்கொட்டை மாதிரித் தெறிக்கும். தட்டையான, முனை உருண்ட 2ஏ வகை பிடித்தால் விடாது. இன்னொன்று, அழுத்தினால் திறக்கும் தலைகீழ்ச் சாமணம். ஈயம் வைக்கும்போது அது மூன்றாவது கை. ஸ்டெயின்லெஸ் என்பதால் ஈயமும் எளிதில் ஒட்டாது.

பின்பக்கப் புள்ளியைக் குத்தி முன்பக்கம் ரிவெட் தலையாக எழுப்பும் வேலையை உறுப்பு சட்டத்தில் இருக்கும்போதே முடியுங்கள், வெட்டிய பிறகு தகடு சுருளும். கூர் ஊசியால் குத்தினால் முள்முள்ளாக வரும். முனை மழுங்கிய ஊசி வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழ எடை விழும் ரிவெட் கருவி உதவும், ஆனால் நூறு ரிவெட்டுக்குக் குறைவான வேகனுக்கு அது ஆடம்பரம்.

சால்டரிங் அயர்ன் பற்றிச் சுருக்கமாக. நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். அது சூட்டைக் கடத்துவது பித்தளையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதனால் வைத்த இடத்திலேயே சூடு நிற்கும், 25 வாட் ஆன்டெக்ஸ் போதும். நீளமான பித்தளை ஃபுட்பிளேட், அதாவது என்ஜினின் நீளத்துக்கு ஓடும் தளத் தகடு, சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அதற்கு 50 வாட். முனை உளி வடிவில் 2 முதல் 3 மி.மீ. அகலம், ஊசிமுனை சர்க்யூட் வேலைக்கு. 145 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயத்தில் சில வகையில் காட்மியம் கலந்திருக்கும், லேபிளைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுத்தம் செய்யக் கண்ணாடி இழைப் பேனா எல்லோரும் சிபாரிசு செய்வது. வேலை நன்றாகச் செய்யும், ஒடிந்த இழை விரலில் ஏறினால் இரண்டு நாள் உறுத்தும். கையுறை போட்டு, குழாய்த் தண்ணீருக்கடியில் தேய்த்தால் இழை பறக்காது. பெரிய பரப்புக்கு கேரிஃப்ளெக்ஸ் ரப்பர் கட்டி மேல்.

ஈயம் ஓட உதவும் பாஸ்போரிக் அமில ஃப்ளக்ஸ் பாட்டிலை அரங்கள் இருக்கும் டப்பாவில் வைக்காதீர்கள். மூடி இடுக்கில் கசிந்தால் ப்ரோச் முனை வரை துரு ஏற்றிவிடும். ஈயம் வைத்த உறுப்பையும் கழுவிக் காயவைத்த பிறகே ராவுங்கள், இல்லையென்றால் அந்த அமிலம் அரத்தின் பல்லில் போய் உட்காரும்.